தலைமடையிலிருந்து உப்பளம் வரை: ஒரு பி.எட். களப்பயணக் குறிப்பேடு

முதல் நாள்: முக்கொம்பு, கல்லணை

காலாண்டு விடுமுறையில் கிளம்புவதற்குக் காரணம் உண்டு. பயிற்சிப் பள்ளிகள் மூடியிருப்பதால் யாருடைய வகுப்பும் கெடாது. அதைவிட முக்கியம், புரட்டாசியில் காவிரியில் தண்ணீர் ஓடும், டெல்டாவில் குறுவை அறுவடை நடக்கும், வேதாரண்யத்தில் மழைக்கு முந்தைய கடைசி உப்பு வாருதல் நடக்கும். மூன்றும் ஒரே வாரத்தில் கண்ணில் படுவது அரிது. தைக்குப் பிறகு போனால் சம்பா அறுவடையைப் பார்க்கலாம். ஆனால் ஜனவரி 28-ஐ ஒட்டி மேட்டூர் மூடிவிடும், ஆறு மணலாகக் கிடக்கும்.

கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மாணவர்களைக் கலந்து நால்வர் குழுவாகப் பிரிப்பது நல்லது. ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், ஒருவர் படம் வரைவார், நான்காமவர் நேரத்தையும் பாதுகாப்பையும் பார்த்துக்கொள்வார். இடத்துக்கு இடம் பொறுப்பு மாறும். ஒரு பட்டறைக்குள் நால்வருக்கு மேல் நுழைந்தால் வேலை நின்றுவிடும். வேலை செய்பவர் சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லும் வழக்கமான பேச்சைத் தொடங்கிவிடுவார். அந்தப் பேச்சு பாடநூலிலேயே இருக்கிறது, அதற்காகப் பேருந்து ஏற வேண்டாம்.

கேள்விப்பட்டியல் எடுத்துப் போகலாம், ஆனால் எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒரு கேள்வி மட்டும் கட்டாயம்: இது எப்போது கெட்டுப்போகும், கெட்டது எப்படித் தெரியும்? ‘இது என்ன’, ‘எத்தனை வருஷமாகச் செய்கிறீர்கள்’ என்று கேட்டால் இரண்டு வரியில் பதில் முடிந்துவிடும். கெட்டுப்போவதைப் பற்றிக் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு விளக்குவார்கள்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கட்டிய மேலணை இங்கேதான். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. பழைய கட்டுமானத்தின் எச்சத்தையும் புதிய கதவணையையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க முடிவது ஆசிரியருக்கு வாய்ப்பு. அரை மணி நேரம் போதும்.

கல்லணையில் நேரம் எடுத்துக்கொள்ளலாம். அணை என்றாலே தண்ணீரைத் தேக்குவது என்றுதான் எட்டாம் வகுப்புப் பிள்ளை நினைப்பான். கல்லணை தேக்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவும் அதிகம். விட்டால் காவிரித் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடிக் கடலில் சேர்ந்துவிடும். அதைத் தடுத்துக் காவிரிப் பக்கம் திருப்பி, வெள்ளம் வந்தால் மட்டும் கொள்ளிடத்துக்கு வழிய விடுவதுதான் கரிகாலன் பெயரில் நிற்கும் அந்தக் கல் சுவரின் வேலை. பழைய சுவர் சுமார் 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம். நேர்கோடாக இல்லாமல் வளைந்து போகும். ஆழம் தெரியாத மணலில் கல்லை இறக்கி, கல் அமிழ அமிழ மேலே அடுக்கி, இடையில் களிமண் வைத்துக் கட்டிய முறை அது. மணலில் அடித்தளம் போடும் வித்தையை இங்கிருந்தே கற்றதாகக் காட்டனே பதிவு செய்திருக்கிறார். ஆங்கிலேய ராணுவப் பொறியாளர் ஒருவர் ஊர்க்காரர்களிடம் கற்றதை ஒப்புக்கொண்ட இடம் என்பதற்காகவே ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் இங்கே வரவேண்டும்.

இன்று மேலே நிற்கும் பாலங்களும் ஷட்டர்களும் பிற்காலத்தவை. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் நான்காகப் பிரியும். கல்லணைக் கால்வாய் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது, 1934-இல் முடிந்தது. பழைய ஊர்க்காரர்கள் இன்னும் அதைப் புது ஆறு என்கிறார்கள்.

ஷட்டர் இயக்கும் லஸ்கரிடம் பேச நீர்வளத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்திருக்க வேண்டும். “எப்போ பயமா இருக்கும்ணே?” என்று கேட்டால், வெள்ளம் வரும்போது என்று சொல்வார் என்றுதான் எதிர்பார்ப்போம். கிடைத்த பதில் வேறு: “வெள்ளம் முன்னாடியே தகவல் வந்துரும் தம்பி. ஆகாயத்தாமரை மொத்தமா வந்து அடைக்கிறதுதான் தொல்லை. கீழ தண்ணி கொறைஞ்சது கடைமடைக்காரன் போன் போட்டாத்தான் தெரியும்.” ஒரு பதிலில் தாவரவியலும் புவியியலும் ஊர் அரசியலும் வந்துவிட்டன.

கணக்குக்கு இங்கே நல்ல தீனி உண்டு. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. நாளுக்கு 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. செய்தித்தாளில் வரும் ‘12,000 கனஅடி திறப்பு’ (வினாடிக்கு என்று பொருள்) என்ற வரியை வைத்து, வரத்தே இல்லாவிட்டால் எத்தனை நாளில் அணை காலியாகும் என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லலாம்.

ஓட்டத்தை அளப்பதை ஆற்றில் செய்யக்கூடாது. கல்லணைக்குக் கீழே சுழல் உண்டு, ஷட்டர் திறப்பு மாறும். முழங்கால் ஆழமுள்ள வயல் வாய்க்கால் போதும். நேராக ஓடும் இடத்தில் 20 மீட்டருக்கு இரண்டு குச்சி நட்டு, முதல் குச்சிக்கு ஐந்து மீட்டர் மேலேயே எலுமிச்சம்பழத்தைப் போட வேண்டும்; குச்சியைக் கடக்கும்போது அது தண்ணீரின் வேகத்தைப் பிடித்திருக்கும். தெர்மாகோல் துண்டு போட்டால் காற்று தள்ளும், அளவு பொய்யாகும். எலுமிச்சை பெரும்பகுதி தண்ணீருக்குள் இருப்பதால் காற்று பிடிக்காது. நடுவில், இடக்கரை ஓரம், வலக்கரை ஓரம் என்று மூன்று தடத்தில் விட்டுச் சராசரி எடுக்கவும். புல்லில் சிக்கிய ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 20 மீட்டரை 40 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். அடியில் ஓட்டம் மெதுவாக இருக்கும் என்பதால் 0.85 ஆல் பெருக்க 0.425. வாய்க்கால் அகலம் 3 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர் என்றால் வினாடிக்கு 0.765 கனமீட்டர்; 35.3 ஆல் பெருக்கினால் 27 கனஅடி. ஆழத்தை நடுவில் ஒரே இடத்தில் அளந்துவிட்டு நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அகலத்தை ஐந்தாகப் பிரித்து அளந்தால் விடை கணிசமாக இறங்கும்.

இரண்டாம் நாள்: சுவாமிமலை

தஞ்சைப் பெரிய கோயிலை வேண்டுமென்றே தாண்டிப் போகிறோம். அது தனிப் பயணம் கேட்கும் இடம். வழியில் இரண்டு மணி நேரம் கொடுத்தால் செல்ஃபிதான் மிஞ்சும். போயே தீர வேண்டும் என்றால், விமானத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு அடித்தளக் கல்வெட்டில் ‘நாம் குடுத்தனவும்’ என்று இராசராசன் சொல்லும் வரியை விரலால் தடவிப் படிக்க வைத்தால் போதும்.

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறைக்குக் காலை எட்டு மணிக்குள் போவது உத்தமம். உலை மூட்டும் நாளா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்; உலை நாளில் நெருப்புப் பக்கம் யாரையும் விடமாட்டார்கள், பேசவும் நேரம் இராது. மெழுகு வேலையும் மண் பூச்சும் நடக்கும் நாள்தான் கற்பதற்கு ஏற்றது.

வேலை ஒரு தென்னை ஓலைத் துண்டிலிருந்து தொடங்குகிறது. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவுக் குறி போடுகிறார்கள். முகம், கழுத்து, மார்பு, இடுப்பு எல்லாம் அந்த மடிப்புகளின் மடங்காகவும் பின்னமாகவும் வரும். மில்லிமீட்டர் அளவுகோல் தேவையே இல்லை. சிலை ஒரு சாண் ஆனாலும் ஆள் உயரம் ஆனாலும் விகிதம் மாறாது. ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்த இதைவிட மலிவான கருவி கிடையாது.

உருவத்தை முதலில் மெழுகில் செய்கிறார்கள். இந்த மெழுகு தேன்மெழுகு மட்டும் இல்லை. குங்கிலியம் என்ற மரப்பிசினும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். குங்கிலியம் கெட்டித்தன்மை தரும், எண்ணெய் வளைய விடும். வெயிலுக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைப்பார்கள், ஆகையால் ‘எத்தனை கிராம்’ என்று விடாமல் கேட்டு நச்சரிக்க வேண்டாம். உருவம் முடிந்ததும் உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியேறவும் மெழுகாலேயே தண்டுகள் ஒட்டப்படும்.

பிறகு மண். முதல் பூச்சு காவிரியின் நைசான வண்டல் மண். விரல் நகத்தின் கோடு வரை பதிவது இந்தப் பூச்சில்தான். நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் உலோகம் போய்ச் சிலையின் மேல் நரம்பு போல் எழும்பி நிற்கும். அடுத்த பூச்சுகளுக்குக் கொஞ்சம் கொரகொரப்பான மண், மணல் கலந்தது. பெரிய அச்சு என்றால் இரும்புக் கம்பி கட்டி அதன் மேலும் பூசுவார்கள்.

“ஐயா, மண் காய்ஞ்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?”

“தட்டிப் பாருங்க. ஈரம் இருந்தா மொத்துனு கேக்கும். காய்ஞ்சா பானை மாதிரி சொல்லும்.”

ஈரம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலை வார்க்கும் ஸ்தபதி சொல்லும் விடை இயற்பியல் வகுப்பே. ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகிய உலோகம் ஈரத்தில் பட்டால் தண்ணீர் நொடியில் ஆவியாகும், ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும், வாய் வழியே உலோகத்தைக் கக்கும். அதனால்தான் அச்சைச் சுட்டு மெழுகை வடித்த பிறகும் சூட்டோடு சூடாகக் குழிக்குள் இறக்கி, வாய் மேலே இருக்க மண்ணால் மூடி, உடனே ஊற்றுகிறார்கள். அச்சு ஆறினால் இன்னொரு கேடு: உலோகம் விரல் நுனிக்குப் போய்ச் சேரும் முன்பே உறைந்துவிடும், சிலைக்குக் கை இருக்கும், விரல் இருக்காது. குளிர்ந்த பிறகு அச்சை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஓர் அச்சில் ஒரு சிலைதான். அதற்கு மேல் அரமும் உளியும் கொண்டு செய்யும் சீர்வேலைக்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும்.

எடைக் கணக்கு ஒன்றை இங்கே கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். மெழுகு உருவத்தைத் தண்டுகளோடு எடை போட்டு, அதைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு உலோகம் எடுக்கிறார்கள். மெழுகின் அடர்த்தி சுமார் 0.96, செம்புக் கலவை சுமார் 8.7. வகுத்தால் ஒன்பது. பட்டறையில் யாரும் அடர்த்தி என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை, ஆனால் கணக்கு தப்பவில்லை. வகுப்பில் இதை வரிசை மாற்றி நடத்த வேண்டும்: முதலில் ஒன்பது மடங்கு என்ற தகவல், ஏன் ஒன்பது என்ற புதிர், கடைசியில்தான் அடர்த்தி என்ற சொல். வரையறையில் தொடங்கினால் புதிர் செத்துவிடும்.

கிளம்பும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, எழுதியதை ஸ்தபதிக்கே வாசித்துக் காட்ட வேண்டும். இந்தப் பயணத்தில் விடவே கூடாத படி இது. இன்றும் ‘மெழுகு உருகி மண்ணோடு கலக்கும்’ என்று ஒரு குழு எழுதியிருந்ததை வாசிக்கும்போதே தலையாட்டி நிறுத்தினார்: கலந்தால் அச்சு பாழ், மெழுகு முழுக்க வடிய வேண்டும், வடித்ததை அடுத்த வேலைக்குச் சேர்த்து வைப்பார்கள்.

மூன்றாம் நாள்: நெல் கொள்முதல் நிலையம்

மன்னார்குடிப் பக்கம். மழை மேகம் இருந்தால் போகவேண்டாம். தார்ப்பாயை இழுத்துப் போர்த்தும் அவசரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பது தொந்தரவு. எடை போடும் நேரத்தில் வரிசையில் நிற்பவரிடம் விலை, காத்திருப்பு பற்றிக் கேட்பதும் சரியல்ல. ஊழியர் காதில் விழும் இடத்தில் அவரால் மனம்விட்டுப் பேச முடியாது. மாலையில் களத்தில் நெல் புரட்டுபவர்களிடம் பேசலாம்.

பார்க்க வேண்டியது ஈரப்பதம். 17 சதவீதம் வரை என்பது விதி, மழைக் காலங்களில் சில சமயம் தளர்த்துவார்கள். அதற்கு மேல் ஈரம் இருந்தால் குவியலுக்குள் சூடு ஏறும், பூசணம் பிடிக்கும், நெல் முளைவிடும், அரிசி நிறம் மாறும். குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தாலே வெதுவெதுப்பு தெரியும். விதை சுவாசிக்கிறது என்ற பாடம் அங்கே கையில் சுடும். விவசாயிகள் ஈரப்பதமானி இல்லாமலேயே ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார்கள்: கடக்கென்று உடைந்தால் காய்ந்தது, அமுங்கினால் ஈரம். மானியிலும் மாதிரி எடுக்கும் இடம் முக்கியம். மேலாக அள்ளினால் காய்ந்த நெல் வரும், அடியில் அள்ளினால் வேறு எண். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்தால்தான் நியாயமான அளவு. கூறெடுப்பு என்று புள்ளியியலில் நடத்துவது இதைத்தான்.

பி.எட். மாணவர்களே தடுமாறும் கணக்கு ஒன்று. 20 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காய வைத்தால் எவ்வளவு குறையும்? மூன்று கிலோ என்று சட்டென்று வரும். தப்பு. தண்ணீர் இல்லாத பொருள் 80 கிலோ, அது மாறாது. காய்ந்தபின் அந்த 80 கிலோ மொத்தத்தில் 83 சதவீதம். 80 வகுத்தல் 0.83 என்றால் 96.4. குறைந்தது 3.6 கிலோ. 40 கிலோ சாக்குக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. களத்தில் நெல் புரட்டிய அம்மா வகுத்தல் இல்லாமலே ‘சாக்குக்கு ஒண்ணரை போகும்’ என்றார். சதவீதத்தின் அடிப்படை எண் மாறிவிட்டது என்பதைக் கரும்பலகையில் புரியவைக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணித ஆசிரியர்களுக்குத் தெரியும்.

நான்காம் நாள்: வேதாரண்யம்

உப்பளத்துக்கு விடியலிலேயே போக வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் வெள்ளைத் தரையின் எதிரொளி கண்ணைக் குத்தும். தொப்பி, கருப்புக் கண்ணாடி, தலைக்கு இரண்டு லிட்டர் குடிநீர் கட்டாயம். காலில் சின்ன வெட்டு இருந்தாலும் பாத்திக்குள் இறங்கக்கூடாது. உப்பளத்தில் வேலை செய்கிற அக்காக்களின் பாதத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும்: குதிகால் பிளந்து, ஓரத்தில் தோல் வெளுத்துத் தடித்திருக்கும். படம் எடுக்கக் கேட்கவே வேண்டாம். ‘காலுக்கு என்னக்கா போடுவீங்க’ என்று கேட்டால் அவர்களே சொல்வார்கள்.

கடல்நீர் ஒரே பாத்தியில் உப்பாவதில்லை. பாத்தி பாத்தியாக நகர்த்தி முறுக வைக்கிறார்கள். அளப்பது, நீரின் அடர்த்தியைக் காட்டும் ‘போமே’ (Baumé) மானியால். களத்தில் வெறும் டிகிரி என்பார்கள். கடல்நீர் சுமார் 3 முதல் 3.5 டிகிரி. பதின்மூன்றைத் தாண்டிச் சில டிகிரிக்குள் ஜிப்சம் படியும். அதை முன் பாத்தியிலேயே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்போடு கலக்கும். 25 டிகிரியை ஒட்டி உப்புப் பரல் கட்டத் தொடங்கும். அதற்குள் ஏறக்குறைய பத்துப் பங்குத் தண்ணீரில் ஒன்பது ஆவியாகிவிட்டிருக்கும். 29 டிகிரிக்கு மேல் போக விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும். உப்பு கசக்கும், மூட்டையில் நீர்த்துப் போகும். ஆகையால் அந்தக் கசப்பு நீரை வெளியேற்றிவிட வேண்டும். வீட்டில் உப்பு ஜாடி ஏன் மழைக்காலத்தில் கசிகிறது என்ற கேள்விக்கு விடை இந்த 29-இல் இருக்கிறது. சில பாத்திகளில் தண்ணீர் இளஞ்சிவப்பாக நிற்பதைப் பார்த்து ரசாயனமா என்று கேட்பார்கள்; மிகு உப்பில் மட்டும் வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது.

பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்குவதுதான் பருவத் தொடக்கத்தின் பெரிய வேலை. தரை இறுகாவிட்டால் நீர் உறிஞ்சும், வாரும்போது மண் ஏறும். ஒரு நல்ல மழை பெய்தால் டிகிரி இறங்கும், கட்டிய பரல் கரையும், தரை இளகும். மூன்றையும் திரும்பத் தொடங்க வேண்டும். நேற்று நெல்லுக்குத் தார்ப்பாய் வைத்திருந்தவர்கள் பயந்த அதே மேகத்துக்குத்தான் இங்கேயும் பயம்.

1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் கிளம்பிய உப்புச் சத்தியாக்கிரகிகள் 28-இல் இங்கே வந்து, 30-ஆம் தேதி உப்பு எடுத்தார்கள். நடைப்பயணிகளுக்குச் சோறு போடுவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை கலெக்டர் தோர்ன் எச்சரித்ததும், ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டிவைத்ததும் இந்தப் பகுதியின் நினைவில் இருக்கிறது. சமூக அறிவியல் மாணவர்கள் நினைவிடத்துக்கு முன் படம் எடுத்துக்கொள்வதோடு விடாமல், ஏன் ஏப்ரல் என்று உப்பளத்தில் கேட்கலாம். வெயில் ஏறி உப்பு விளையும் மாதம் என்பார்கள். ஐப்பசியில் நடந்து வந்திருந்தால் அள்ள உப்பு இருந்திருக்காது.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி, பாடத்திட்டம்

நினைவு பச்சையாக இருக்கும்போதே, பேருந்திலேயே, ஒவ்வொருவரும் 45 நிமிடத்துக்கான ஒரு பாடத்திட்டத்தை எழுதி முடிக்க வேண்டும். ‘உப்பு உற்பத்தி’ என்று தலைப்பு வைத்தால் பாடம் கட்டுரையாகிவிடும். ‘கடைசி நீரை ஏன் கொட்டுகிறார்கள்?’ என்று வைத்தால் வகுப்பு யோசிக்கும்.

உப்புச் சோதனை பள்ளியிலேயே செய்யக்கூடியது. ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் கல்லுப்பு கரைத்து, கருப்பு பிளாஸ்டிக் விரித்த தட்டில் மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி மொட்டை மாடியில் வைக்கவும். ஆழம் கூடினால் நாள் இழுக்கும், பிள்ளைகள் ஆர்வம் இழப்பார்கள். டிகிரி மானிக்குப் பதில் ஒரு உறிஞ்சுகுழாயின் அடியில் களிமண் அடைத்து மிதக்கவிட்டு, தினமும் நீர்மட்டம் தொடும் இடத்தில் கோடு போட்டால் போதும். அடர்த்தி ஏற ஏறக் குழாய் மேலே எழும்பும். களிமண் கரைந்து எடை குறைந்தால் குழாய் தானாகவே எழும்பிப் பொய் சொல்லும், ஆகவே அடியை மெழுகால் மூட வேண்டும். அளக்கும்போது தட்டின் நீரை உயரமான கண்ணாடிக் குவளைக்கு மாற்றிக்கொள்ளவும், தட்டில் குழாய் நிமிர்ந்து மிதக்க ஆழம் போதாது. நீர் வற்ற வற்றக் குவளையையும் சிறிதாக்க வேண்டியிருக்கும்.

மேற்பார்வை வகுப்பு எடுக்கும் முன்பே பாடத்திட்டத்தின் நகலைப் பட்டறைக்கும் உப்பளத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டும், தபாலில் அல்லது வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக. எழுத்துப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்குக் குரல்பதிவே வசதி. திருத்தம் வந்தால் சிவப்பு மையில் ஏற்றி, அந்தப் பக்கத்தோடுதான் பதிவேட்டைக் கல்லூரியில் ஒப்படைக்க வேண்டும்.